பெட்டி மாட்டினால்தான் பயணமா?

லடாக் போகப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், சென்னையிலோ கோவையிலோ மதுரையிலோ அவரைச் சுற்றியுள்ள ரைடர்கள் கேட்கும் முதல் கேள்வி, “பெட்டி மாட்டியாச்சா?” என்பது. பெட்டி என்றால் வண்டியின் இரு பக்கமும் தொங்கும் அலுமினியப் பெட்டிகள். கூடவே பின்னால் ஒரு டாப் பாக்ஸ். இன்னும் மாட்டவில்லை என்றால் வண்டி தயாராகவில்லை என்று அர்த்தம். துணிப் பையைக் கட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டாலோ, “பாண்டிச்சேரிக்குன்னா சரி தம்பி, லே வரைக்கும்னா நல்லா யோசிச்சுக்கோங்க” என்று மூத்தவர் யாராவது எச்சரிப்பார். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். எச்சரிக்கையை ஏற்கவில்லை.

நாம் ஓட்டும் வண்டிக்கும், நம் உடம்புக்கும், நாம் போகும் சாலைக்கும் அலுமினியப் பெட்டி பொருந்தாது. பணம் வீணாவதோடு முடிந்தால் நான் இதை எழுதவே மாட்டேன். அவரவர் பணம், அவரவர் விருப்பம். ஆனால் இந்தப் பெட்டிகள் வண்டியை எளிதில் விழச் செய்கின்றன, விழுந்த வண்டியைத் தூக்க முடியாமல் செய்கின்றன, விழும்போது காலையும் முறிக்கக்கூடியவை. முதல் நெடும்பயணம் போகிற இளைஞர்கள் பாதுகாப்புக்கென்று நம்பி வாங்குகிற பொருளே அவர்களுக்கு ஆபத்தாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

பெட்டியை ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணங்கள் அற்பமானவை அல்ல. பூட்டலாம். மழைத் தண்ணீர் புகாது. விழுந்தால் உள்ளே இருக்கும் சாமானும் வண்டியும் தப்பும். இரவு போய் இறங்கியதும் மூடியைத் திறந்தால் வேண்டியது கைக்கு வரும். இவற்றில் கடைசிக் காரணத்தை மட்டும் நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அதற்கு முன், இந்த உருவம் நம் மனதுக்குள் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். 1990-ல் ஜெர்மனியில் தொடங்கிய டூராடெக் நிறுவனம் அலுமினியப் பெட்டிகளைப் பெரிய அளவில் விற்றது. பிஎம்டபிள்யூவின் ஜிஎஸ் வண்டிகளுக்கு அவை அடையாளமாகவே ஆகிவிட்டன. 2004-ல் நடிகர் இவான் மெக்ரெகரும் அவருடைய நண்பர் சார்லி பூர்மனும் லண்டனிலிருந்து கிழக்கே கிளம்பி நியூயார்க் போய்ச் சேர்ந்த பயணம், ‘லாங் வே ரவுண்ட்’ என்ற தொலைக்காட்சித் தொடராக வந்தது. அவர்கள் ஓட்டியவை ஆர்1150ஜிஎஸ் அட்வென்ச்சர் வண்டிகள். வெறும் வண்டியே கால் டன்னைத் தொடும். அதன்மேல் பெட்டிகள், பெட்டிகளின் மேல் மூட்டைகள். பயணத்துக்குத் துணை வாகனங்கள் வேறு இருந்தன. பெட்டிகளோடு அடிவானத்தை நோக்கிப் போகும் அந்த வண்டியின் தோற்றம் உலகெங்கும் பார்த்தவர்கள் மனதில் பதிந்துவிட்டது. மங்கோலியாவில் நடந்தது அந்த அளவுக்குப் பதியவில்லை. அங்கே சேற்றில் மறுபடியும் மறுபடியும் விழுந்தார்கள். பாரத்தோடு அடிபட்டு வண்டிச் சட்டம் முறிந்து வெல்டிங் வைக்க வேண்டியதாயிற்று. ஒளிப்பதிவாளர் கிளாடியோ வான் பிளாண்டா தன் பிஎம்டபிள்யூவை விட்டுவிட்டு ரஷ்யத் தயாரிப்பான சிறிய வண்டி ஒன்றை வாங்கி ஓட்டினார். நாம் அந்தத் தொடரிலிருந்து எடுத்துக்கொண்டிருக்க வேண்டிய செய்தி அது.

ஜிஎஸ் வரிசையில் பின்னால் வந்த ஆர்1250ஜிஎஸ் 136 குதிரைத்திறன் கொண்டது. அந்த எஞ்சினுக்கு இருபது கிலோ கூடுதல் என்பது ஒரு பொருட்டில்லை. நம்மவர்கள் லடாக்குக்கு அதிகம் கொண்டுபோவது சென்னையிலேயே தயாராகும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன். 2016-ல் வந்த முதல் ஹிமாலயனின் 411 சிசி எஞ்சின் தருவது ஏறத்தாழ 24 குதிரைத்திறன். 2023-ல் வந்த 450 தருவது 40. ஓட்டுகிறவரும் பெரும்பாலும் அறுபது எழுபது கிலோ எடையுள்ள, நடுத்தர உயரமுள்ள ஆள். ஜெர்மானியச் சாலையில், ஆறடி உயர ஆளுக்காக, பெரிய வண்டிக்காக உருவான ஏற்பாட்டை அப்படியே எடுத்து இந்த வண்டியில் மாட்டுகிறோம்.

எடையைக் கணக்குப் போடுவோம். 35 லிட்டருக்கு மேல் கொள்ளும் நல்ல அலுமினியப் பெட்டி ஒன்று காலியாகவே சுமார் 5 கிலோ இருக்கும். இரண்டு பெட்டிகள், அவற்றைத் தாங்கும் இரும்பு ஸ்டே, நட்டு போல்ட்டு எல்லாம் சேர்த்தால் 15 கிலோவை ஒட்டி வரும். டாப் பாக்ஸும் அதன் அடித்தட்டும் இன்னொரு 5 கிலோ. ஒரு சட்டைகூட உள்ளே வைப்பதற்கு முன்பே வண்டியில் 20 கிலோ ஏறிவிட்டது. ஹிமாலயன் 450 பெட்ரோலோடு 196 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கை வெறும் தகரமாகச் சேர்த்திருக்கிறோம். அதே கொள்ளளவுள்ள துணிப் பை ஜோடி மூன்று நான்கு கிலோவுக்குள் அடங்கும். லேசான ஸ்டே ஒன்று மாட்டினாலும் பெட்டி எடையில் பாதிகூட வராது.

எடை எவ்வளவு என்பதைவிட எங்கே உட்காருகிறது என்பது முக்கியம். பக்கப் பெட்டிகளின் பெரும்பகுதி பின் அச்சுக்கு மேலும் பின்னாலும் இருக்கிறது. டாப் பாக்ஸ் முழுவதுமே அச்சைத் தாண்டி, அதுவும் உயரத்தில் உட்காருகிறது. கிணற்று ஏற்றத்தின் ஒரு முனையில் பாரம் ஏறினால் மறுமுனை எழும்புவதுபோல, முன் சக்கரத்தின் அழுத்தம் குறைகிறது. நெடுஞ்சாலையில் பக்கத்தில் லாரி ஒன்று கடந்துபோகும் காற்றில் ஹேண்டில் ஆடுவதற்கும், வேகம் கூடும்போது பின்பக்கம் பாம்புபோல் நெளிவதற்கும் இதுதான் காரணம். பல தயாரிப்பாளர்கள் டாப் பாக்ஸில் 5 கிலோவுக்கு மேல் வைக்க வேண்டாம் என்று கையேட்டிலேயே எழுதுகிறார்கள். அந்தப் பக்கத்தைப் படித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. டூல்ஸ், செயின் லூப், பஞ்சர் கிட், கூடுதல் டியூப் என்று வண்டியிலேயே மிகக் கனமான பொருள்கள்தான் வழக்கமாக அந்தப் பெட்டிக்குள் போகின்றன.

தார்ச்சாலையில் இதையெல்லாம் பழக்கத்தால் சமாளித்துவிடலாம். தேசிய நெடுஞ்சாலை 44-ல் டெல்லி வரை போய்ச் சேர்ந்தவர்கள், “நான் ஓட்டினேனே, ஒன்றும் ஆகவில்லையே” என்பார்கள். உண்மைதான், அதுவரை ஒன்றும் ஆகாது. மணாலி தாண்டிய பிறகு வருவது வேறு சாலை.

கிராம்பூவிலிருந்து பாத்தல் வழியாகக் குன்சும் கணவாய் ஏறி காசா போகிற வழியை எடுத்துக்கொள்ளுங்கள். சாலை என்று சொல்வது மரியாதைக்குத்தான். உருண்டைக் கற்கள், நடுவே பனி உருகி ஓடும் நாலாக்கள். மணாலி–லே சாலையிலும் ஜிங்ஜிங் பார் பக்கத்தில் நீரோடைகள் குறுக்கிடும். காலையில் கணுக்கால் அளவு இருக்கும் தண்ணீர், வெயில் ஏறிப் பனி உருகியதும் பிற்பகலில் முழங்காலைத் தொடும். அடியில் என்ன கல் கிடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. இந்த மாதிரி இடத்தில் வண்டி தடுமாறும்போது எந்த ரைடரும் செய்வது ஒன்றுதான். கால் தானாகக் கீழே இறங்கும். பாதம் கற்களுக்கு நடுவே ஊன்றி நிற்கும், வண்டியோ இன்னும் முன்னால் நகர்ந்துகொண்டிருக்கும். அடுத்த நொடியில் பின்னாலிருந்து பெட்டி வந்து கெண்டைக்காலில் இடிக்கிறது. பாதம் கல்லில் மாட்டியிருக்கிறது, முழங்காலுக்குக் கீழே பெட்டி தள்ளுகிறது, மேலே இருநூற்றைம்பது கிலோ சாய்ந்து வருகிறது. அலுமினியம் வளைந்து கொடுக்காது, எலும்புதான் முறியும்.

கரடுமுரடான பாதையில் ஓட்டப் பயிற்சி தருகிறவர்கள் பெட்டியைக் கழற்றிவிட்டு வரச் சொல்வது இதனால்தான். துணிப் பையும் காலில் இடிக்கும். ஆனால் அது நசுங்கிக் கொடுக்கும். உள்ளே இருப்பது துணிமணிதான் என்றால் வலியோடு போய்விடும். மணாலி–லே சாலையில் சர்ச்சு போன்ற ஓர் இடத்தில் கால் முறிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முறையான மருத்துவமனைக்கு லே போக வேண்டும், அல்லது மணாலி பக்கம் திரும்ப வேண்டும். இரண்டு திசையிலும் பல மணி நேரம், அதுவும் வழிகிடைத்தால். வண்டி அங்கேயே கிடக்கும்.

விழும்போது பெட்டி வண்டியைக் காக்கும் என்கிறார்கள். நின்ற இடத்தில் மெதுவாகச் சாய்ந்தால் காக்கும், அதை மறுக்கவில்லை. கொஞ்சம் வேகத்தோடு விழுந்தால் பெட்டி வாங்கும் அடி முழுவதும் ஸ்டே வழியாக வண்டியின் பின் சட்டமான சப்ஃப்ரேமுக்குப் போகிறது. ஸ்டே வளைந்துவிட்டால் பெட்டி பூட்டில் உட்காராது. சப்ஃப்ரேம் வளைந்துவிட்டால் பயணமே முடிந்தது. துணிப் பை அடியைத் தானே வாங்கிக்கொள்ளும். மிஞ்சிப்போனால் கொஞ்சம் கிழியும்.

அடுத்தது உயரம். லடாக்கின் டங்லங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல். உம்லிங் லா 5,798 மீட்டர். 5,300 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான். ஆகவே கடல்மட்டத்தில் 24 குதிரைத்திறன் காட்டிய எஞ்சின் அங்கே பாதிச் சக்தியோடுதான் மலை ஏறுகிறது. கிளட்சைப் பாதி அழுத்திப் பாதி விட்டு, முதல் கியரில் முக்கி முனகி ஏறும்போது, அந்த 20 கிலோ வெறும் தகரத்தின் விலை புரியும். எஞ்சினுக்கு நேர்வது நம் நுரையீரலுக்கும் நேர்கிறது. ஊரில் விழுந்த வண்டியை ஒரே மூச்சில் தூக்கி நிறுத்துகிற ஆள், அங்கே பாதி தூக்குவதற்குள் கண் இருண்டு உட்கார்ந்துவிடுவார். மலை நோயின் தலைவலியும் சேர்ந்திருந்தால் சொல்லவே வேண்டாம். பெட்டியும் அதற்குள் திணித்த சாமானும் சேர்ந்து வண்டியின் எடையை இருநூற்றைம்பதுக்குக் கொண்டுபோய்விட்ட பிறகு, தனியாகப் போனவர் வழியில் லாரி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அகலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரு பெட்டிகளும் சேர்ந்த அகலம் ஒரு மீட்டரை நெருங்கும், பல வண்டிகளில் ஹேண்டிலைவிட அகலம். ஹேண்டில் நுழைந்த இடத்தில் வண்டி நுழையும் என்றுதான் நம் கைக்கும் கண்ணுக்கும் பழக்கம். நாக்பூர் ஊருக்குள் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே புகும்போது அந்தப் பழக்கம் ஏமாற்றிவிடும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே பஸ் வந்தால் ஒதுங்கும்போதும் இதே சிக்கல்தான்.

தண்ணீர் புகாது என்ற வாதத்துக்கு வருவோம். புதுப் பெட்டியில் புகாது. மூடியின் விளிம்பில் உள்ள ரப்பர், பெட்டியின் வாய் நேராக இருக்கும்வரைதான் வேலை செய்யும். ஒரே ஒரு முறை விழுந்து விளிம்பு நெளிந்துவிட்டால், அதன் பிறகு மூடி முழுதாக உட்காராது. சுத்தியலால் தட்டி ஓரளவு நிமிர்த்தலாம். பழைய பொருத்தம் திரும்பாது. அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் பெட்டிக்குள்ளும் தண்ணீர் புகாத உள்பை ஒன்றைப் போட்டுக்கொள்கிறார்கள். அந்த உள்பையே நனையாமல் காக்கிறது என்றால், வெளியே எதற்கு அலுமினியம்? தார்ப்பாய்த் துணியில் மடிப்பைச் சூட்டில் ஒட்டி, வாயை மூன்று சுற்றுச் சுருட்டிக் கட்டும் பை மழைக்கு மட்டுமில்லை, நாலாவுக்குள் விழுந்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. சாலை அதிர்வில் உள்சுவரில் உராய்ந்துகொண்டே வரும் துணியெல்லாம் சாம்பல் நிறத் தூள் படிந்து கறுக்கும்.

திருட்டுதான் எல்லோரையும் அசைக்கும் வாதம். எதிர்த்தரப்பின் மிக வலுவான சாட்சியை நானே கொண்டுவருகிறேன். எல்ஸ்பெத் பியர்ட் என்ற ஆங்கிலேயப் பெண், கட்டடக்கலை மாணவி, 1982-ல் பிஎம்டபிள்யூ ஆர்60/6 ஒன்றில் தனியாக உலகைச் சுற்றக் கிளம்பினார். சிட்னியில் தங்கி வேலை பார்த்த நாட்களில், அலுமினியத் தகடு வாங்கி மடித்துப் பூட்டுப் போடும் பெட்டிகளைத் தானே செய்து மாட்டிக்கொண்டார். பினாங்கில் வண்டியைக் கப்பலேற்றி மதராஸில் இறக்கியவர் அவர். அந்தப் பெட்டிகள் அவருக்குப் பயன்பட்டன. வண்டியே வீடாக, ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராக வாழ்ந்தவருக்குப் பூட்டுள்ள அலமாரி ஒன்று வேண்டியிருந்தது. ஆனால் அதே பயணத்தில், சிட்னியைத் தாண்டி சிங்கப்பூர் வந்தபோது அவருடைய பாஸ்போர்ட்டும் வண்டிக் காகிதங்களும் களவு போயின. பெட்டிக்குப் பூட்டு இருந்தது. போகக்கூடாதவை போய்விட்டன.

பாஸ்போர்ட், பணம், ஆர்சி, போன் இவற்றுக்கு வண்டியில் இடமே கிடையாது, எந்தப் பெட்டியானாலும் சரி. அவை உடம்போடு இருக்க வேண்டியவை. மிச்சம் இருப்பது அழுக்குத் துணியும் ஸ்பானரும்தான். நம் நாட்டில் லடாக் போகிறவர் இரவில் எங்கே தங்குகிறார்? லாட்ஜில், ஹோம்ஸ்டேயில், தாபாவின் கூடாரத்தில். துணிப் பை வைத்திருப்பவர் இரண்டு பக்கிளைக் கழற்றி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குப் போய்விடுகிறார். பெட்டி மாட்டியவர்களில் பலர் அதைக் கழற்றிக் கனமாகத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற அலுத்து, வண்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். தெருவில் நிற்கும் வண்டியில் பளபளவென்று பூட்டிய பெட்டி இருந்தால், உள்ளே ஏதோ இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். அந்தப் பூட்டு ஒரு ஸ்க்ரூ டிரைவருக்குத் தாங்காது. பகலில் சாப்பிட நிறுத்தும்போது வண்டியைக் கண்ணில் படும்படி நிறுத்தி ஜன்னலோரம் உட்காருவது பெட்டிக்காரருக்கும் பைக்காரருக்கும் பொதுவான வேலைதான்.

ரிப்பேர் என்று வரும்போது வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். இந்தியாவில் எந்தச் சிற்றூரிலும் செருப்புத் தைப்பவர் இருப்பார், லாரிக்குத் தார்ப்பாய் தைப்பவர் இருப்பார். கிழிந்த பையைக் கொடுத்தால், ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கனமான நூலில் இரட்டைத் தையல் போட்டுத் தருவார்கள். கேட் கிரில் அடிக்கும் வெல்டிங் பட்டறையும் எல்லா ஊரிலும் உண்டு, இரும்பு ஸ்டே முறிந்தால் ஒட்டிவிடலாம். அலுமினியத்தை ஒட்ட ஆர்கான் வாயு வைத்த வெல்டிங் வேண்டும். அதைக் கேலாங்கிலும் கார்கிலிலும் தேடி அலைய வேண்டியதுதான்.

சென்னையிலிருந்து லே மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். விடுமுறை போதாது என்று பலர் வண்டியை ரயில் பார்சலில் டெல்லிக்கோ சண்டிகருக்கோ அனுப்பிவிட்டுத் தாங்கள் விமானத்தில் போய்ச் சேருகிறார்கள். டேங்கைக் காலி செய்து, சாக்கும் வைக்கோலும் சுற்றி ஏற்றும் அந்த வண்டியில் பெட்டிகளை மாட்டியபடியே அனுப்ப யாருக்கும் மனம் வராது. துணிப் பை என்றால் மடித்து விமானத்தில் கூடவே எடுத்துப் போகலாம். லே வரை விமானத்தில் போய் அங்கேயே வண்டி வாடகைக்கு எடுப்பவர்களும் நிறைய. வாடகை வண்டியில் ஒரு இரும்புக் கேரியர் இருக்கும், எந்தப் பையையும் கட்டலாம். உங்கள் பெட்டிக்கு அங்கே ஸ்டே இருக்காது.

“அப்படியானால் இவ்வளவு சாமானை எங்கே வைப்பது?” என்பார்கள். அந்தச் சாமானே பெட்டியால் வந்தது. இரண்டு பக்கப் பெட்டியும் டாப் பாக்ஸும் சேர்ந்தால் நூறு லிட்டரைத் தாண்டும். இடம் இருந்தால் நிரப்பத்தான் தோன்றும். இரண்டாவது ஜாக்கெட், மூன்றாவது ஷூ, சமையல் அடுப்பு, யாரும் விரிக்காத கூடாரம். இதில் பெட்ரோல் கேனும் சேரும். மணாலி–லே சாலையில் உள்ள டண்டி பெட்ரோல் பங்க்கில் ‘அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்’ என்று எழுதிய பலகை புகழ்பெற்றது. அதன் முன் நின்று படம் எடுக்காதவர் இல்லை. அந்தப் பலகையைப் பார்த்துத்தான் கேன் மாட்டுகிறார்கள். பழைய ஹிமாலயனின் டேங்க் 15 லிட்டர், புதியதன் டேங்க் 17 லிட்டர். லிட்டருக்கு 28 கிலோமீட்டர் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், டண்டியில் நிரப்பிக்கொண்டால் 15 லிட்டரில் 420 கிலோமீட்டர் ஓடும். பயம் இருந்தால் இரண்டு லிட்டர் கூடுதலாகப் போதும், அதுவும் முன்பக்கம் கிராஷ் கார்டை ஒட்டித் தாழ்வாக.

பெட்டி இல்லாமல் நெடுந்தூரம் போனவர்கள் உண்டு என்பதற்கு ஆதாரம் தேடி அலைய வேண்டாம். லோயிஸ் பிரைஸ் என்ற ஆங்கிலேயப் பெண் 225 சிசி யமஹாவில் துணிப் பைகளோடு அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் தென்முனை உஷுவாயா வரை போனார். பிறகு 250 சிசி வண்டியில் லண்டனிலிருந்து கேப் டவுன் வரை போனார். நெதர்லாந்தைச் சேர்ந்த நோராலி ஸ்கோன்மேக்கர் 2018-ல் இந்தியாவில் ஹிமாலயன் வாங்கித் தன் நாடு வரை ஓட்டிப் பெயர் பெற்றவர். ஆப்பிரிக்காவுக்கு அவர் தேர்ந்தெடுத்தது 300 சிசி ஹோண்டாவும் துணிப் பைகளும். வண்டிக்கு ஏற்ற சுமை, தங்கள் உடம்புக்கு ஏற்ற வண்டி என்று பார்த்துத் தேர்ந்தவர்கள் இவர்கள்.

பெட்டி எங்கேயும் கூடாது என்று நான் சொல்லவில்லை. பெரிய வண்டி, முழுக்கத் தார்ச்சாலை, கேமரா போன்ற அடிபடக்கூடாத பொருள், வேலை நிமித்தமாகத் தினமும் நகரில் நிறுத்திவிட்டுப் போக வேண்டிய நிலை. இப்படி இருப்பவர்கள் பெட்டி மாட்டட்டும். கன்னியாகுமரி, ராமேஸ்வரம், கோவா என்று நல்ல சாலையிலேயே சுற்றுகிறவருக்கு நான் மேலே சொன்ன ஆபத்துகளில் பாதி இல்லை. என் சண்டையெல்லாம், நாலா தாண்டப் போகிற, 5,000 மீட்டர் ஏறப் போகிற, முதல் முறை கிளம்புகிற தம்பிக்கும் தங்கைக்கும் அதே பெட்டியைக் கட்டாயமாக்கும் பழக்கத்தோடுதான்.

பை வாங்குவதிலும் கவனிக்க வேண்டியது உண்டு. துணிப் பைக்கு எதிரான உண்மையான குற்றச்சாட்டு சைலன்சர் சூடுதான். ஹிமாலயனில் வலப்பக்கம் உயர்ந்து வரும் சைலன்சரில் பை உரசினால் உருகும், எரியும்கூட. அந்தப் பக்கம் மெல்லிய ஸ்டே ஒன்றும் சூடு தடுக்கும் தகடும் அவசியம். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். அடுத்தது கட்டுக்கயிறு. இரண்டு முனையிலும் கொக்கி வைத்த பங்கீ கயிறு வேண்டவே வேண்டாம். அது இழுத்துக்கொண்டு தெறித்தால் கண்ணில் பாயும், தளர்ந்தால் செயினிலோ பின் சக்கரத்திலோ சுற்றிக்கொண்டு சக்கரத்தை நிறுத்திவிடும். பக்கிள் வைத்த அகலமான வார் வாங்குங்கள். கட்டி முடித்ததும் மிச்ச முனையை மடித்து உள்ளே செருகுங்கள். முதல் இருபது கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி வாரைத் திரும்ப இறுக்குங்கள், துணி அமுங்கிக் கொஞ்சம் தளர்ந்திருக்கும். பையின் அடிப்பக்கத் துணி தடிமனாக இருக்கிறதா, வாய் சுருட்டிக் கட்டும் வகையா, ஜிப்பை மட்டும் நம்பியதா என்று பாருங்கள். ஜிப் பை என்றால் உறை போட்டாலும் பலத்த மழையில் நனையும். பெங்களூருவின் வியாடெரா, மும்பைப் பக்கத்து ரைனாக்ஸ் போன்ற நம் நாட்டுத் தயாரிப்பாளர்களே இன்று நல்ல பைகள் செய்கிறார்கள். அலுமினியப் பெட்டிக்கு ஆகும் செலவில் பாதிகூட ஆகாது. மிச்சப் பணத்தில் முழங்கால் காப்பும் கணுக்கால் மறைக்கும் நல்ல பூட்ஸும் வாங்குங்கள்.

அடுக்கும் முறையும் அதே அளவுக்கு முக்கியம். டூல்ஸ், செயின் லூப், டியூப் எல்லாம் டேங்க்கின் இரு பக்கமும் தொங்கும் சிறு பைகளில், எஞ்சினை ஒட்டித் தாழ்வாகப் போகட்டும். துணிமணி பின்பைகளுக்கு. அதிலும் கனமானது முன்னாலும் அடியிலும் வரட்டும். மிக லேசானது, மழை உடையும் குளிர் ஜாக்கெட்டும், சீட்டுக்கு மேல் குறுக்காகக் கட்டும் பையில் இருக்கட்டும், வழியில் அடிக்கடி வேண்டியது அதுதான். இரு பக்கமும் எடை சமமா என்று கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும். முதுகில் பை மாட்டிக்கொண்டு நாள்பூராவும் ஓட்டுவதை மட்டும் தவிருங்கள். தோளும் கழுத்தும் மூன்றாம் நாளே சொல்லிவிடும், விழுந்தால் முதுகெலும்புக்கும் நல்லதல்ல.

பின்னால் மனைவியோ நண்பரோ உட்கார்ந்து வருகிறார் என்றால் பெட்டி இல்லாமல் முடியாது என்பார்கள். அப்போதுதான் பெட்டி இன்னும் கூடாது. பின்னால் உட்காருபவரின் எடை ஏற்கெனவே பின் சஸ்பென்ஷன்மேல் இருக்கிறது. அவர் காலும் பெட்டிக்கு மிக அருகில் இருக்கிறது. விழும்போது ஒதுங்க அவருக்கு எந்த வழியும் இல்லை. உங்கள் வண்டியின் கையேட்டில் மொத்தம் எவ்வளவு எடை தாங்கும் என்று எழுதியிருக்கும். அதிலிருந்து வண்டி எடையையும் இருவர் எடையையும் கழித்துப் பாருங்கள். மிஞ்சும் கிலோவைத் தகரத்துக்குக் கொடுப்பதா சாமானுக்குக் கொடுப்பதா என்பது அப்போது தெளிவாகிவிடும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், லடாக்குக்குக் கட்டப் போகிறபடியே எல்லாவற்றையும் கட்டி, டேங்க்கை நிரப்பி, வண்டியை ஏதாவது மைதானத்துப் புல்லுக்குக் கொண்டுபோங்கள். நண்பர் ஒருவரைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு வண்டியை இடப்பக்கம் மெதுவாகப் படுக்க வையுங்கள். தனியாகத் தூக்கி நிறுத்துங்கள். வலப்பக்கமும் அப்படியே. மூச்சு வாங்காமல் முடிந்தால் கிளம்பலாம். முடியவில்லை என்றால் பெட்டிகளைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொரு முறை தூக்கிப் பாருங்கள்.